உச்சக் குதிரைசக்தியும் அன்றாட ஓட்டமும்

டர்போ பொருத்திய கார் இன்று நம் நாட்டில் அபூர்வப் பொருளாக இல்லை. ஒரு லிட்டர் கொள்ளளவே உடைய சிறிய பெட்ரோல் என்ஜினிலும் டர்போவை இணைத்து விற்கிறார்கள். புனே, குருகிராமம், ஐதராபாத் முதலிய நகரங்களில் உத்தியோக நிமித்தம் குடியேறியுள்ள தமிழ் அன்பர்கள் பலரிடம் இத்தகைய வண்டி இருக்கக் காண்கிறோம். வாங்கிய சில காலத்தில், "இந்த என்ஜினுக்குள் இன்னும் ஐம்பது குதிரைசக்தி ஒளிந்து கிடக்கிறது, எடுத்துத் தருகிறோம்" என்று கூறும் பட்டறைகளின் அறிமுகமும் கிடைத்துவிடுகிறது. அவர்கள் கூறுவது பெரும்பாலும் பொய்யன்று. ஆயினும், அந்த ஐம்பது குதிரைகள் எந்த வேளையில் வந்து நுகத்தில் நிற்கும், எந்த வேளையில் வரமாட்டா என்பதையும் கேட்டறிந்த பின்பே பணத்தைக் கொடுக்க வேண்டும். அதைக் குறித்தே இங்குச் சிறிது விரிவாகப் பேச எண்ணுகிறோம்.

என்ஜினுக்குப் பெட்ரோலைப் போலவே காற்றும் உணவு. எத்தனால் கலவாத பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே சக்தியைப் பெருக்க விரும்புவோர்க்குப் பெட்ரோலைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவதே கடினம். வீணாக வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே காற்றை உள்ளே திணிக்கலாம் என்ற எண்ணம் சுவிட்சர்லாந்து தேசத்துப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரட் பியூக்கிக்கு உதித்தது. 1905-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அமைப்பு எளியது. ஒரே தண்டின் இரு முனைகளில் இரு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றுகிறது, மற்றொன்று காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. புகை மிகுந்தால்தான் டர்போ சுழலும். டர்போ சுழன்றால்தான் காற்று மிகும். காற்று மிகுந்தால்தான் புகை மிகும். என்ஜின் மெதுவாக ஓடும்போது இச்சங்கிலியின் முதற் கண்ணியே இறுகுவதில்லை. இதனால் விளையும் குறைகள் இரண்டு. பலரும் அவற்றை ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள். குறிப்பிட்ட சுற்றுக்குக் கீழே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் டர்போ போதிய அழுத்தத்தைத் தராது. இதை வாசல் என்போம். வாசலைக் கடந்த பிறகும், ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்துக்கும் அழுத்தம் எழும் கணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். இது தாமதம். வாசலுக்கு மருந்து கியரைக் குறைப்பது. தாமதத்துக்குப் பொறுமையைத் தவிர ஓட்டுநரிடம் வேறு மருந்தில்லை.

குதிரைசக்தி என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். என்ஜின் தன் தண்டைத் திருகும் பலத்தை முறுக்குவிசை என்கிறோம். பட்டறையில் இதனையே 'இழுவை' என்றும் 'பிக்கப்' என்றும் வழங்குவர். நியூட்டன் மீட்டரில் அளந்த முறுக்குவிசையை நிமிஷச் சுற்றால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைசக்தி கிடைக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாவது இக்கணக்கின் உச்சப் புள்ளி ஒன்றே. அது பெரும்பாலும் 5000, 6000 சுற்றுகளில் நிற்கிறது. சிறு கார்களில் இரண்டாம் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டர் செல்லும்போது என்ஜின் ஏறத்தாழ 2000 சுற்றில்தான் ஓடுகிறது. நகரவாசியின் நாள் முழுவதும் அந்தச் சுற்றை ஒட்டியே கழிகிறது. கொங்கு நாட்டில் ரேக்ளாக் காளையையும் பாரவண்டி மாட்டையும் ஒருவரே ஒரு தொழுவத்தில் கட்டி வைத்திருக்கலாம்; கரும்பு ஏற்றிய வண்டியில் பந்தயக் காளையைப் பூட்ட எந்தக் குடியானவரும் துணியார்.

ஓர் உண்மையான வண்டியை எடுத்துக் கொள்வோம். 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரில் 1.2 லிட்டர் டர்போ என்ஜின் இருந்தது. உச்ச சக்தி 5000 சுற்றில் 105 குதிரை. முறுக்குவிசை 175 நியூட்டன் மீட்டர். அதுவும் 1500 சுற்று தொடங்கி 4100 சுற்று வரை மேசைப் பலகைபோல் மட்டமாகக் கிடைத்தது. கணக்கிட்டுப் பார்த்தால் 1500 சுற்றில் 37 குதிரை, 2000 சுற்றில் 50 குதிரை, 4100 சுற்றில் 102 குதிரை என்றாகிறது. 4100-க்கும் 5000-க்கும் இடையே கூடியவை மூன்றே குதிரைகள்! அதற்கு மேல் அந்தச் சின்னஞ்சிறு டர்போவுக்கு மூச்சு முட்டுகிறது. இதைக் குறையென்று எண்ணி, 'கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் செய்துவிட்டான்' என்பாரும் உளர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே இழந்ததைக் கொடுத்துத்தான் கீழே 1500 சுற்றில் இழுவையை வாங்கியிருக்கிறார்கள். சிக்னலில் நின்று புறப்படும் வண்டிக்கு அது லாபமான பண்டமாற்று.

இதில் பெரிய டர்போவைப் பொருத்தினால் என்ன நிகழும்? சக்கரத்தின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவோம். அதே வடிவமும் அதே உலோகமும் உடையதாயின், சுழற்சியை எதிர்க்கும் அதன் சடத்துவம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குப்படி, ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். பெரிய சக்கரம் சற்றுக் குறைந்த சுழற்சியிலேயே அதே அழுத்தத்தைத் தரும் என்பது உண்மை. அந்தச் சலுகையைக் கழித்துப் பார்த்தாலும் அதனைச் சுழலச் செய்வதற்கு வேண்டிய ஆற்றல் 1.7 மடங்கு. இதற்கான புகை 2000 சுற்றில் கிடையாது. உதாரணக் கணக்காக, மாற்றிய வண்டியில் 2000 சுற்றில் 110 நியூட்டன் மீட்டரும் 6000 சுற்றில் 210 நியூட்டன் மீட்டரும் கிடைப்பதாக வைத்துக் கொள்வோம். உச்ச சக்தி 179 குதிரையாகிறது. நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் 2000 சுற்றில் முன்பு 50 குதிரை இருந்த இடத்தில் இப்போது இருப்பவை 31. செலவு செய்து வண்டியைச் சோனியாக்கிக் கொண்டோம் என்றே அன்றாடப் பயணத்தில் தோன்றும்.

இந்தப் போராட்டம் புதியதன்று. போர்ஷே நிறுவனம் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட 911 டர்போ கார் 3 லிட்டர் என்ஜினில் 260 குதிரைசக்தி தந்தது. என்ஜின் வெடிக்காமல் காக்க அழுத்த விகிதத்தை 6.5-க்கு இறக்கியிருந்தார்கள். ஆகவே டர்போ எழும்வரை வண்டி மந்தம். எழுந்ததும் ஒரே பாய்ச்சல். வளைவின் நடுவில் அந்தப் பாய்ச்சல் வந்து சேர்ந்தால், அஞ்சி ஆக்ஸிலரேட்டரை விட்டவரின் வண்டி பின்புறம் சுழன்று சாலையை விட்டு நீங்கிற்று. சுவீடன் தேசத்து சாப் நிறுவனம் வேறு வழி கண்டது. பேர் யில்பிராண்ட் என்னும் பொறியாளரின் குழுவினர் சிறிய டர்போ ஒன்றைத் தேர்ந்து, அழுத்தம் அளவுக்கு மிஞ்சும்போது புகையை வேறு வழியே திருப்பிவிடும் வால்வையும் அமைத்தார்கள். 1977-இல் காட்சிக்கு வந்த சாப் 99 டர்போ 2 லிட்டர் என்ஜினில் 145 குதிரைதான் தந்தது. ஆனால் 235 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 3000 சுற்றிலேயே அளித்தது. போர்ஷேயின் உச்ச முறுக்குவிசைக்கு 4000 சுற்று வேண்டியிருந்தது. இன்று நம் தெருக்களில் ஓடும் டர்போ கார்கள் யாவும் சாப் காட்டிய வழியில் வந்தவையே எனலாம்.

இரண்டையும் ஒருங்கே பெற முயன்றோரும் உண்டு. 1993-ஆம் ஆண்டு டொயோட்டா சூப்ராவில் இரு டர்போக்களை வைத்து, கீழ்ச் சுற்றுகளில் ஒன்றையும், 4000 சுற்றை நெருங்கும்போது மற்றதையும் இயங்கச் செய்தார்கள். வேடிக்கை என்னவெனில், அவ்வண்டியை வாங்கிய உலகத்து மோகிகள் பலர் முதற் காரியமாக அவ்விரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போவைப் பொருத்தியதே.

அப்படியானால் கீழ்ச் சுற்றில் இழுவையை எவ்வளவு வேண்டுமாயினும் கூட்டலாமோ எனில், அதுவும் தகாது. கணினியில் உள்ள கட்டளைத் தொகுப்பை மாற்றி எழுதும் முறைக்கு 'ரீமேப்' என்று பெயர். டர்போவை மாற்றாமல் இதைச் செய்யும்போது சில பட்டறைகள் 1800, 2000 சுற்றுகளிலேயே முழு அழுத்தத்தையும் திணித்து வாடிக்கையாளரை மகிழ்விக்கின்றன. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு டர்போ என்ஜின்களில், குறைந்த சுற்றும் மிகுந்த பாரமும் சேரும் இடத்தில் கலவை உரிய காலத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் முறிவது பெரும்பாலும் இந்த மூலையில்தான். கியர்ப் பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. மேற்சொன்ன போலோவின் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்கு வகுக்கப்பட்டது. நல்ல பட்டறைக்காரர் இழுவையை 2500 சுற்றுக்கு மேல் படிப்படியாக ஏற்றி, எல்லைக்கு உள்ளேயே நிறுத்துவார். மிதித்தவுடன் முதுகில் அறையும் வண்டியைவிட அவர் தரும் வண்டி சாதுவாகத் தோன்றும். அவரிடமே போக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

வெப்பத்தையும் பெட்ரோலையும் தனியே கவனிக்க வேண்டும். அழுத்திய காற்று சூடேறும். 20 டிகிரியில் உள்ள காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் அது 90 டிகிரியை எட்டும். நாகபுரியிலோ தில்லியிலோ 45 டிகிரி வெயிலில் அதே வேலையைச் செய்தால் 120 டிகிரி. இடையில் உள்ள குளிர்விப்பான் சிறியதாக இருந்து, வண்டி நெரிசலில் நின்றுகொண்டும் இருந்தால், அந்தச் சூடு என்ஜினுக்குள் போய்த் தட்டலை உண்டாக்கும். கணினி அதைக் கேட்டுத் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். வாங்கிய குதிரைகள் திரும்பிப் போகும். ஜனவரி மாதத்துக் காலை நேரத்தில் அளந்து கொடுத்த சக்தி மே மாதத்து மாலையில் இல்லாமற் போவது இதனால்தான். ஆகையால் டர்போவுக்குச் செலவிடுமுன் குளிர்விப்பானுக்குச் செலவிடுவது மேல். உச்ச எண் அதனால் பெரிதாக ஏறாது. இருக்கும் சக்தி எல்லா நாளும் நிலைக்கும்.

பெட்ரோல் விஷயத்தில், ஆக்டேன் எண் 100 உடையது 2020 டிசம்பர் முதல் சில நகரங்களில் கிடைக்கிறது. அதை நம்பி எழுதிய கட்டளைத் தொகுப்புடன், பொங்கலுக்கு மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு வண்டியிலேயே புறப்படுவோர், நெடுஞ்சாலையில் கிடைத்த பங்கில் கிடைத்ததை நிரப்பும்போது என்னாகும் என்று முன்னரே எண்ண வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் 95 என்று வகுத்துள்ளார்கள். தட்டலைத் தாங்க அது உதவும். ஆனால் எத்தனாலில் எரிசக்தி குறைவாதலால் அதே சக்திக்குக் கூடுதலாக எரிபொருள் பாய வேண்டும். பம்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பயண வழியில் கிடைக்கும் மிகத் தாழ்ந்த பெட்ரோலுக்கு ஏற்பவே தொகுப்பை எழுதித் தருமாறு கேட்பது நலம்.

பட்டறையில் உச்ச எண்ணைக் கேட்க வேண்டாம்; டைனமோமீட்டரில் வரைந்த முழுக் கோட்டையும் காட்டச் சொல்ல வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே யந்திரத்தில், ஒரே நாளில் எடுத்தவையாக இருத்தல் அவசியம். 1500 முதல் 4500 சுற்று வரை புதிய கோடு பழைய கோட்டுக்கு மேலே செல்கிறதா, எங்கேனும் கீழே இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால் போதும். மூன்றாம் கியரில் மணிக்கு 40-இலிருந்து 80 கிலோமீட்டர் எட்டுவதற்கு ஆகும் நேரத்தை இரு முறையும் அளந்து கேட்பது இன்னும் தெளிவான சாட்சி. பிரேக்கும் டயரும் தேய்ந்த வண்டியில் இவ்வேலையை எடுத்துக்கொள்ளும் பட்டறையை நம்புவதற்கில்லை.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. சட்டம் அனுமதியாத மாற்றத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றத்தைத் தெரிவிக்காவிடின் விபத்து நேர்ந்தபோது இன்ஷ்யூரன்ஸ் கோரிக்கையும் தகராறில் முடியும். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம்மவர்க்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கினால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். 2021-இல் வந்த பி.எச். வரிசை எண் உடையோர்க்கு மட்டும் இத்தொல்லை இல்லை. மறுபதிவின்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை நேரில் நிறுத்திக் காட்டவேண்டி வரும். புகைக்குழாயில் உள்ள வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டவர்கள் புகைச் சோதனையிலேயே சிக்கிக் கொள்வார்கள். கழற்றிய பாகங்களை விற்றுவிடாமல் எண்ணெய் தடவிப் பரணில் வைத்திருப்பதும், கணினியின் மூலத் தொகுப்பை நகலெடுத்துத் தருமாறு பட்டறையில் முதலிலேயே எழுதி வாங்கிக் கொள்வதும் அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது பயன்படும்.