பாய்க்கலத்தின் டீசல் இயந்திரம் நின்றுபோவதேன்?

பாய்மரக் கலத்திற்குக் காற்றே உந்துசக்தியாயினும், காற்று ஓய்ந்த வேளையிலும் துறைமுகத்தினுள் நுழையும்போதும் அதற்குத் துணைபுரிவது சிறிய டீசல் இயந்திரமாகும். கோவாவில் கட்டப்பட்டு 2017இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘தாரிணி’யும் இத்தகைய பாய்க்கலமே. இவ்வியந்திரம் பல நாட்கள் சும்மா இருந்துவிட்டு, பாறைக் கரையை நெருங்கும் சமயத்தில் இயக்கப்படுகிறது. அப்பொழுது அது நின்றுவிடுமாயின் கலத்திற்கே ஆபத்து. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை. அதற்கு வந்துசேரும் எண்ணெயில்தான் இருக்கிறது.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உருளையினுள் அழுத்தப்பட்ட காற்று 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் சூடேற, அதனுள் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. பீச்சுதலுக்கு வாயுமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மிகுதியான அழுத்தம் தேவை. பம்பினுள் காற்றுக்குமிழி புகுந்தால், பம்பு எண்ணெயைத் தள்ளாமல் குமிழியையே சுருக்கிக்கொண்டிருக்கும். ஊசியற்ற மருந்தூசிக் குழாயின் வாயை விரலால் அடைத்து, முதலில் காற்றையும் பின்னர் நீரையும் அடக்கித் தண்டை அழுத்தச் செய்தால் மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

தொட்டி பாதி காலியாக இருப்பின், இரவின் குளிர்ச்சியால் காற்றிலுள்ள ஈரம் அதன் சுவரில் படிந்து எண்ணெயின் அடியில் நீராகத் தங்கும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருநிறக் கசடை உண்டாக்குகின்றன. கலம் துறையில் அசையாது நிற்கும்வரை இக்கசடு அடியிலேயே கிடக்கும். கடல் கொந்தளித்தவுடன் கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிடும். துறையில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் கடலில் நின்றுபோவதன் மர்மம் இதுவே. தொட்டியின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அரைமணி நேரம் வைத்தால், நீர் அடியில் பிரிந்து நிற்பது தெரியும். எண்ணெய் குறைந்த தொட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: கலம் ஒருபுறம் சாயும்போது உறிஞ்சுகுழாயின் வாய் வெளிப்பட்டுக் காற்றை இழுத்துவிடும்.

கசிவைத் தேடுவதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஊட்டு பம்புக்குப் பின்னுள்ள இணைப்பு தளர்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டும். பம்புக்கு முன்னுள்ள இணைப்பு தளர்ந்தாலோ ஒரு துளியும் சொட்டாது. காற்றுத்தான் உள்ளே செல்லும். ஆகவே, உலர்ந்திருக்கும் இணைப்பு நல்ல இணைப்பு என்று கொள்ளலாகாது. சிறிது நேரம் ஓடி நின்ற இயந்திரம், தொட்டியின் மூடியைத் திறந்தபின் மீண்டும் ஓடுமாயின், காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டிருக்கிறது எனலாம்.

சுழற்றும்போது புகையே காணாவிடில் எண்ணெய் உருளையை எட்டவில்லை. வெண்புகை தோன்றினால் எண்ணெய் வருகிறது, ஆனால் எரியவில்லை.

வடிகட்டியை மாற்றியபின் காற்றை வெளியேற்றியாக வேண்டும். நுண்வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, ஊட்டு பம்பின் கைப்பிடியை அசைத்தால் நுரையோடு எண்ணெய் வரும். நுரை அடங்கியதும் திருகை இறுக்கி, பீச்சு பம்பிலும் அவ்வாறே செய்க. கைப்பிடி தளர்ந்து தொய்வாயிருந்தால் இயந்திரத்தைச் சற்றே சுழற்றி நிறுத்திப் பார்த்தல் வேண்டும். பிறகும் கிளம்பாவிடில், பீச்சுமுனைக் குழாய்களின் மரையைத் தளர்த்திச் சுழற்றவேண்டும். அங்கே கையை அருகில் கொண்டுசெல்லலாகாது. அவ்வழுத்தத்தில் சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும்.

கள ஊழியர்கள் மறக்கலாகாத எச்சரிக்கை மற்றொன்று உண்டு. பாய்க்கலங்களில் பொதுவாகக் குளிர்விக்கும் கடல்நீரைப் புகைக்குழாயினுள்ளேயே விடுகின்றனர். இயந்திரம் ஓடினால் புகையின் வேகம் அந்நீரை வெளியே தள்ளும். ஓடாத இயந்திரத்தை மீண்டும் மீண்டும் சுழற்றினாலோ நீர் சேர்ந்து உருளைக்குள் ஏறி இயந்திரத்தையே பாழாக்கும். எனவே நெடுநேரம் சுழற்ற நேரின் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, இயந்திரம் கிளம்பிய கணமே திறந்துவிட வேண்டும்.