ஏழாவது கம்பி

கிதாருக்கு எத்தனை கம்பிகள் என்று கேட்டால், ஆறு என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் மின்கிதாருக்கு ஏழாவதாக ஒரு கம்பியும் உண்டு, தோழியரே! கிதாரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் கேபிள்தான் அது. அது கெட்டால் மற்ற ஆறும் ஊமைதான். இதனை நாங்கள் சென்ற ஆண்டு விழாவில், பெற்றோர் அனைவரும் அமர்ந்திருக்க, மேடையிலேயே கற்றுக்கொண்டோம்.

பாட்டின் நடுவே கிதார் 'கரகர'வென்றது. பிறகு நின்றே போயிற்று. வாசித்த தோழி பயத்தில் பாட்டை மறந்துவிட்டாள் என்று எண்ணி, இரண்டு வாரம் அவளிடம் சரியாகப் பேசாமல் இருந்தோம். பின்னர் அறிவியல் ஆசிரியை ஆய்வுக்கூடத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிளக்கின் உள்ளே பற்றவைத்த இடத்தில் கம்பி விட்டுப்போயிருந்தது! தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டோம். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நல்ல கேபிள் ஒன்று செய்து கொடுங்கள்" என்றாள் அவள்.

வீட்டு மின்கம்பியே போதும் என்று முதலில் நினைத்தோம். அது தவறு. கிதாரின் காந்தச் சுருள் தரும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது. ஆம்ப்ளிபயர் அதைப் பன்மடங்கு பெருக்கும்போது, சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலையும் சேர்த்தல்லவா பெருக்கிவிடும்? ஆகவே நடுக்கம்பியைச் சுற்றி ஒரு செப்புக் கவசம் வேண்டும். உறுமலைத் தடுத்துத் தரைக்கு அனுப்புவது அதுதான். கவசத்தில் மூன்று வகை உண்டு. மெல்லிய தகடு மேடையில் இழுபட்டு மடங்கினால் கிழிந்துவிடும். சுருளாகச் சுற்றியது வளைய இலகுவானது. ஆனால் நாளடைவில் இழைகள் விலகி இடைவெளி விழும். ஜடைபோல் பின்னியதே உறுதியானது. ஜடை பின்னத் தெரிந்த எங்களுக்கு அதைப் பிரிப்பதுதான் கடினமாக இருந்தது! நடுக்கம்பியும் ஒற்றைத் தடிக்கம்பியாக இல்லாமல், பல மெல்லிய இழைகளாக இருக்க வேண்டும். இல்லாவிடில் வளைத்து வளைத்தே முறிந்துவிடும்.

நீளத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடுவே ஒரு கடத்தி, சுற்றிலும் ஒரு கடத்தி, இடையில் காப்புப் பொருள். இது ஒரு மின்தேக்கி அன்றோ! சாதாரணக் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோபாரட் வரும். நீளம் கூடக்கூடக் கிதாரின் உச்ச ஒலிகள் இதில் கசிந்து, இசை மங்கிவிடும். மேடையை இஞ்ச் டேப்பால் அளந்து, 5 மீட்டர் போதும் என முடிவு செய்தோம். கீபோர்டுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

அடுத்தது பிளக். கடையில் 'பி-38' என்று கேட்க வேண்டும். தண்டின் விட்டம் 6.35 மில்லிமீட்டர். இது தொலைபேசி இணைப்பகங்களிலிருந்து இசைக்கு வந்த பொருள். 1878-இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்பவர் முதல் பெண் தொலைபேசி இயக்குநரானார். அவருக்குப் பின் வந்த ஆயிரமாயிரம் பெண்கள் நாள்தோறும் இத்தகைய பிளக்குகளைச் செருகியும் எடுத்தும் வேலை பார்த்தனர். கடைக்கார அண்ணன் எங்களுக்கு முதலில் ஸ்டீரியோ பிளக்கை எடுத்து நீட்டினார். தண்டில் கருவளையம் இரண்டு இருந்தால் அது ஸ்டீரியோ. கிதாருக்கு ஒரே வளையம் உள்ள மோனோதான் வேண்டும். உலோக உறை உள்ளதா, கேபிளின் மேல்தோலை இறுகப் பிடிக்கும் கவ்வி உள்ளதா, நம் கேபிள் அதன் வாயில் சரியாக நுழைகிறதா என்று பாருங்கள். கேபிள்கள் பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். தங்க முலாம் துருவைத் தடுக்கும், இசையை இனிமையாக்காது. அந்தக் காசைக் கவ்விக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

பற்றவைக்க 60-க்கு 40 வெள்ளீயமும் ஈயமும் கலந்த, உள்ளே ரோசின் உள்ள கம்பி வாங்கினோம். கடையில் 'லெட்' என்றால்தான் புரிகிறது. அமிலப் பசை கூடாது. அது செம்பை அரித்துவிடும். ஈயம் நஞ்சாகையால் வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். பிளக்கின் உறையை முதலிலேயே கேபிளில் கோர்த்துவிட்டுப் பற்றவையுங்கள். அழகாகப் பற்றவைத்த பிறகு, மேசைமேல் கிடந்த உறையைப் பார்த்து விழித்தவர்கள் எங்களில் இருவர்!

எங்கள் முதல் கேபிளில் இசை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கவசத்தின் அடியில், அசைவு இரைச்சலைக் குறைப்பதற்காக மின்கடத்தும் கரிய பிளாஸ்டிக் தோல் ஒன்று இருந்தது. அதைக் காப்புப் பொருள் என்றெண்ணி நடுக்கம்பியைத் தொடும்படி விட்டுவிட்டோம். பின்னுக்கு வெட்டியதும் சரியாயிற்று.

ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கர் கேபிளுக்கும் இதே பிளக் இருக்கும், உள்ளே கவசம் இராது, கம்பிகள் தடிமனாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். மெல்லிய கிதார் கேபிளில் ஸ்பீக்கர் மின்னோட்டம் பாய்ந்தால் சூடேறும், ஆம்ப்ளிபயரே கெட்டுவிடலாம்.

மல்டிமீட்டரில் முனைக்கு முனை, தண்டுக்குத் தண்டு தொடர்பு இருந்தது. முனைக்கும் தண்டுக்கும் இல்லை. கேபிளை ஆட்டி ஆட்டியும் பார்த்தோம். பிறகு தோழியிடம் கொடுத்தோம். அவள் ஒலியை முழுவதும் கூட்டி, ஆறு கம்பிகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, நெடுநேரம் செவிமடுத்தாள். அந்தக் கரகரப்பு இல்லை. பழைய கேபிளை நாங்கள் எறியவில்லை. அதில் ஒரு பிளக் இன்னும் நன்றாகவே இருக்கிறது.