றாம் பழுதா? நாமே சோதிக்கலாம்

கணனி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றால், “தாய்ப்பலகை போட்டுது, புதுசு வாங்குங்கோ” என்றுதான் சொல்வார்கள். எங்கள் சங்கக் கணனிக்கும் அதே பதில். திறந்து சோதித்தேன், பழுது றாம் எனப்படும் நினைவகத் தட்டில்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு, கொளுக்கிகளை விலக்கித் தட்டை எடுங்கள். பொன்னிற முனைகளைப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். சிலவேளை இவ்வளவுதான் வேலை.

சரிவராவிட்டால், ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ என்ற இலவச மென்பொருளைப் பென்டிறைவில் ஏற்றி, அதிலிருந்து கணனியைத் தொடக்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் பழுதுதான். இரண்டு தட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே செருகுமிடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டும் பிழை காட்டினால் செருகுமிடத்தையும் சந்தேகியுங்கள்.

இந்தப் பழுது கணனியை நிறுத்துவதோடு விடாது. பதியும் தொகையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடவும் கூடும். கடனைக் கட்டி முடித்தவளின் பெயரில் நிலுவை நிற்கும். சோதித்து முடியும்வரை கணக்கின் பழைய பிரதிக்கு மேல் எதையும் பதியாதீர்கள்.

கடைக்குப் பழைய தட்டையும் கொண்டுபோங்கள். மேசைக் கணனியில் டிடிஆர்3க்கு 240 முனைகள், டிடிஆர்4க்கு 288. ஒன்றின் இடத்தில் மற்றது பூட்டாது. புதியதைப் பூட்டியபின் அதே சோதனையை மீண்டும் ஓடவிடுங்கள்.