அமைதியான பெண்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருத்தி படிப்பை இடையில் நிறுத்தினாள். "வீட்டில் சொல்லிவிட்டார்கள், சேர்" என்றாள். நற்சான்றிதழில் 'அமைதியானவள்' என்று வழக்கம்போல் எழிதிக் கொடுத்தோம், காரணம் கேட்கவில்லை. அண்மையில் இரு திரைப்படங்களைக் கண்டபோது அவள் முகம் நினைவில் எழுந்தது.

முதலாவது, கோரி ஃபின்லி எழுதி நெறிப்படுத்தி, 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாகத் திரையிடப்பெற்ற 'தரோபிரெட்ஸ்'. செல்வ மாளிகையில் வாழும் லிலியும் அவளுடைய பழைய தோழி அமண்டாவும் பருவப் பெண்கள். லிலியின் தாய்க்கு இரண்டாம் கணவராக வந்தவரை ஒழித்துவிட இருவரும் திட்டமிடுகின்றனர். கொலைக் கதையாயினும் அதில் பரபரப்பில்லை. படக்கருவி நெடுங்கூடங்களில் ஆறுதலாக நகர்கிறது. மேல்மாடியில் அம்மனிதர் படகு வலிப்பதுபோல் உடற்பயிற்சிப் பொறியை இழுக்கும் ஓசை வீடெங்கும் கேட்கிறது. தனக்கு உணர்ச்சியே இல்லை என்று கூறும் அமண்டா, வேண்டியபோது கண்ணீர் வரவழைக்கும் வித்தையைத் தோழிக்குக் கற்பிக்கும் கட்டத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அருகிலிருந்த நம் மகள் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் நம் சிரிப்பும் அடங்கிற்று. அவல நகைச்சுவையின் இயல்பு அதுவே போலும். முடிவைக் கூறி வாசகரின் சுவையைக் கெடுக்க மாட்டோம்.

இரண்டாவது, நம் நாட்டுச் சிங்களப் படமான 'கெஹெனு லமாய்'. 'பெண்பிள்ளைகள்' என்பது அதன் பொருள். கருணாசேன ஜயலத்தின் நாவலைத் தழுவி, சுமித்திரா பீரிஸ் அம்மையார் 1978இல் நெறிப்படுத்திய முதற்படம் இது. அம்மையார் 2023இல் மறைந்தார். புதுப்பிக்கப்பெற்ற இப்படம் 2025இல் பிரான்சின் கான் விழாவில் திரையேறிற்று. இங்கும் ஆறுதலான நடையே, சிரிப்புத்தான் அரிது. ஏழை மாணவி குசும், வசதி படைத்த வீட்டு நிமலை நேசிக்கிறாள். குடும்பங்களின் ஏற்றத்தாழ்வை எண்ணி, நேசத்தை நெஞ்சுக்குள்ளேயே புதைக்கிறாள். அழகுராணிப் போட்டியில் புகழ் தேடிய தங்கை சோமாவோ, மணமாகாமலே தாய்மைச் சுமையுடன் நிற்கிறாள். அடங்கியவளும் தோற்றாள், துணிந்தவளும் தோற்றாள். இதைவிடக் கசப்பான வேடிக்கை வேறென்ன?

உணராமலே அழக் கற்றவள் அமண்டா. உணர்ந்தும் அழாதிருந்தவள் குசும். இருவரும் நம் வகுப்பில் இருந்திருப்பின், இருவருக்கும் 'அமைதியானவள்' என்றே எழுதியிருப்போம்.

திருகோணமலை வாசிகளாகிய நாம் அறியாத செய்தியா இது? உட்துறைமுகத்து நீர் குளம்போல் அசைவற்றுத் தோன்றும். பெருங்கப்பல்களைத் தாங்கும் ஆழம் அதனடியில் இருக்கிறது. கரையில் நாள்தோறும் உலாவியும், வகுப்பறையில் அதை மறந்துவிட்டோம்.

அன்று நிறுத்திய படிப்பை அம்மாணவி மீண்டும் தொடர்ந்தாளா என்பதை நாம் அறியோம். இனி அச்சொல்லை எழுதுமுன், எதிரே நிற்பவளை அமரச் சொல்லி, "என்ன நடந்தது, பிள்ளை?" என்று ஒரு முறையேனும் கேட்போம்.