ஜடேஜா போனாரா, அனுப்பினார்களா?

துவாக்குடி தொழிற்பேட்டையில் காலை ஷிஃப்டுக்கு முன்னால் டீக்கடையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் வெல்டர், ஃபிட்டர், கிரைண்டர் பிடிக்கிறவர்கள். சட்டையில் தீப்பொறி பட்ட ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டை வழியாகச் சில பேருக்கு உள்ளே சென்னை அணியின் மஞ்சள் பனியன் தெரியும். 2025 நவம்பர் 15-ஆம் தேதி ஐ.பி.எல்.லில் ரவீந்திர ஜடேஜா சென்னை அணியிலிருந்து ராஜஸ்தானுக்கு மாறுகிறார் என்று அறிவிப்பு வந்ததும் கடையில் அதுதான் பேச்சு. “காசுக்காக ஓடிட்டான்” என்றான் ஒரு பையன். பக்கத்தில் நின்ற மூத்த வெல்டர் கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: “பதினெட்டு கோடிய விட்டுட்டு எவனாச்சும் பதினாலுக்கு ஓடுவானா மாப்ள?”

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

நடந்தது இதுதான். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் இங்கிலாந்தின் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. பதிலுக்கு சஞ்சு சாம்சனை வாங்கியது. சாம்சனின் சம்பளம் 18 கோடி ரூபாய், அது மாறவில்லை. சாம் கரன் தன்னுடைய 2.40 கோடியோடு போனார். சென்னையில் 18 கோடி வாங்கிக்கொண்டிருந்த ஜடேஜாவுக்கு மட்டும் புதுத் தொகை 14 கோடி. கையெழுத்துப் போட்ட மூவரில் சம்பளம் குறைந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் காசுக்காகப் போனவர் என்ற பட்டமும் அவருக்கே கிடைத்தது.

ரசிகர்களின் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. 2023 மே மாதம் அகமதாபாத்தில் மழை பெய்து நள்ளிரவைத் தாண்டி நீண்ட இறுதியாட்டத்தில் கடைசி 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டது. மோகித் சர்மாவின் பந்துகளை ஒரு சிக்சர், ஒரு ஃபோர் என்று அனுப்பி, சென்னைக்கு 5-வது கோப்பையை வாங்கித் தந்தவர் ஜடேஜா. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டதைப் பார்த்துக் கண் கலங்காத சென்னை ரசிகர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் அதே ஆண்டு, தான் முன்னால் ஆட வந்தால், தோனியைப் பார்ப்பதற்காகத் தன் அவுட்டுக்குக் கூட்டம் காத்திருக்கும் என ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். 2022-இல் அவருக்குக் கிடைத்த கேப்டன் பதவி, 8 ஆட்டத்தில் 6 தோல்வி என்றதும் பாதியிலேயே மறுபடி தோனியிடம் போனது. இதையெல்லாம் விசுவாசக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

துவாக்குடிக்காரர்களுக்கு ஒப்பந்தம் என்பது தெரியாத சங்கதி அல்ல. பெல் நிறுவனத்தின் பாய்லர் வேலைகளை நம்பி வளர்ந்த பட்டறைகள் இவை. ஆர்டர் வந்தால் ஆள் எடுப்பார்கள், ஆர்டர் வற்றினால் ஆளைக் குறைப்பார்கள். பைப் வெல்டிங்கில் 6ஜி தேர்வு தேறியவருக்கு அடுத்த பட்டறையில் நாள் கூலி கூடக் கிடைக்கும் என்றால் அடுத்த மாதம் அங்கே நிற்பார். கத்தாருக்கோ துபாய்க்கோ விசா வந்தால் பெட்டியைக் கட்டுவார். தெருவே கூடி வழியனுப்பும். துரோகி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வெல்டருக்கு இருக்கிற அந்த உரிமை ஐ.பி.எல். வீரருக்கு இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

ஏலத்தில் வீரர் தன் அடிப்படை விலையை மட்டும் சொல்லலாம். எந்த அணி எடுக்கும், எவ்வளவுக்கு எடுக்கும் என்பது அவர் கையில் இல்லை. எடுத்தபின் அடுத்த ஆண்டு வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா என்பதை அணிதான் முடிவு செய்யும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மெகா ஏலத்துக்கு முன்னால் மட்டும் வீரருக்கு ஒரு கதவு திறக்கும்: ‘என்னைத் தக்கவைக்க வேண்டாம், ஏலத்துக்குப் போகிறேன்’ என்று சொல்லலாம். 2024-இல் ரிஷப் பந்த் டெல்லி அணியை விட்டு அந்தக் கதவு வழியாக வந்தார். லக்னோ 27 கோடிக்கு எடுத்தது. நடுவில் மாற வேண்டுமென்றால் ‘டிரேட்’ ஒன்றுதான் வழி. அதற்கு இரண்டு அணிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், வீரரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீரர் வேண்டாம் என்று தடுக்கலாம். ஆனால் வேண்டும் என்று தானாகக் கிளம்ப முடியாது.

கிளம்பிப் பார்த்த ஒருவர் உண்டு. அவரும் ஜடேஜாதான்! 2008-இல் ஷேன் வார்ன் தலைமையில் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த பொடியன் அவர். 2010-இல் ராஜஸ்தானோடு புது ஒப்பந்தம் போடாமல் வேறு அணியோடு பேச்சு நடத்தினார் என்று சொல்லி அந்த சீசன் முழுக்க அவரை ஆட விடாமல் தடை செய்தார்கள். 21 வயதில் ஒரு சீசன் வீணானது. பிறகு ஓர் ஆண்டு கொச்சி அணி. அது கலைந்ததும், 2012 ஏலத்தில் சென்னை 20 லட்சம் டாலருக்கு எடுத்தது.

அந்த ஏலத்திலும் ஒரு வேடிக்கை. சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் கையிலிருந்த மொத்தப் பணமான 20 லட்சம் டாலர் வரை ஏற்றிவிட்டார்கள். சமன் ஆனதால், இரண்டு பேரும் ரகசியமாக ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். கூடுதலாக எழுதியது சென்னை. எவ்வளவு என்பது வெளியே வரவில்லை. அந்தக் கூடுதல் பணம் ஜடேஜாவுக்குப் போகவில்லை. விதிப்படி கிரிக்கெட் வாரியத்துக்குப் போனது. ஆளுக்குத்தான் போட்டி, போட்டியில் ஏறிய விலை மட்டும் ஆளுக்கு இல்லை.

வெளிநாட்டில் இப்படி இல்லை. அமெரிக்கக் கால்பந்தில், ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் 2023 மார்ச்சில் தன்னை வேறு அணிக்கு மாற்றுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து திட்டிக்கொண்டார்கள். ஏஜென்ட் இல்லாமல் அவரே பேசி, அடுத்த மாதமே பழைய அணியான பால்டிமோர் ரேவன்ஸிடம் 5 ஆண்டுக்கு 26 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். முறைத்துக்கொள்வதும் அங்கே பேரத்தின் ஒரு பகுதி. இங்கே அப்படி முறைத்ததற்குத்தான் ஜடேஜா ஒரு சீசன் வெளியே உட்கார்ந்தார்.

‘காசுக்காக’ என்ற பேச்சுக்குத் தோனி மட்டும் விதிவிலக்கு என்பார்கள். 2024 அக்டோபரில் அவர் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டது விசுவாசத்துக்கு அத்தாட்சி என்று இன்னும் சொல்கிறார்கள். கொஞ்சம் விதியையும் பார்க்கலாம். சர்வதேச ஆட்டத்தில் 5 ஆண்டு களமிறங்காத இந்தியரை, நாட்டுக்கு ஆடாத வீரர் பட்டியலில் சேர்க்கலாம் என்ற பழைய விதி அந்த ஆண்டு திரும்ப வந்தது. தோனி இந்தியாவுக்குக் கடைசியாக ஆடியது 2019 ஜூலையில், மான்செஸ்டரில். அதனால் 4 கோடியில் அவரை வைத்துக்கொள்ள முடிந்தது. முந்தைய சுற்றில் அவர் சம்பளம் 12 கோடி. தோனி 12-லிருந்து 4-க்கு இறங்கினால் தியாகம், ஜடேஜா 18-லிருந்து 14-க்கு இறங்கினால் துரோகம்! எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

அணிகளுக்கும் விசுவாசம் உண்டா என்று கேட்கிறவர்கள் சுரேஷ் ரெய்னாவை நினைத்துக்கொள்ளலாம். ‘சின்ன தல’ என்று கொண்டாடிய அதே சென்னை, 2022 ஏலத்தில் 2 கோடி அடிப்படை விலையில் அவர் பெயர் வந்தபோது கையைத் தூக்கவில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த தினேஷ் கார்த்திக் 17 சீசன் ஆடினார், ஒரு நாளும் மஞ்சள் சட்டை போடவில்லை. 2015 வரை மஞ்சள் சட்டையில் இருந்த அஸ்வின், பிறகு 9.75 கோடிக்கு ஊர் திரும்பினார். 2025-இல் ஒரே சீசன் ஆடிவிட்டு, ஆகஸ்ட் 27-இல் ஐ.பி.எல்.லுக்கே விடை கொடுத்தார். மண்ணின் மைந்தன் என்பதெல்லாம் நாம் கேலரியில் பிடிக்கிற அட்டையில்தான்.

இதற்காக அணி நிர்வாகத்தை வில்லனாக்கவும் நான் தயாராக இல்லை. 2025-இல் சென்னை முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. தொடக்கத்தில் ஆடுகிற இந்திய பேட்டர் தேவைப்பட்டார். அப்போது சாம்சனுக்கு 31 வயது, ஜடேஜாவுக்கு 37 நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தார்கள், மாற்றினார்கள். வியாபாரம் என்று சொல்லிவிட்டுச் செய்திருந்தால் சண்டையே இல்லை. ‘குடும்பம்’ என்ற சொல்லைப் பதினேழு ஆண்டு விற்றுவிட்டு, அதற்கு நடுவில் கடையை நடத்தியதால்தான் டீக்கடையில் இவ்வளவு சூடு.

ஜடேஜாவின் இடத்தை நிரப்ப ஆள் எடுக்க, 2025 டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபி ஏலத்தில் சென்னை உட்கார்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் இடக்கைச் சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீருக்கு அப்போது 20 வயது, அதுவரை ஐ.பி.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர், அடிப்படை விலை 30 லட்சம். சென்னை அவரை எடுத்த விலை 14.20 கோடி. ராஜஸ்தானில் ஜடேஜாவுக்குப் பேசிய தொகையைவிட 20 லட்சம் கூடுதல்.