மைக்ரோவேவில் முழு முட்டையை வைக்காதீங்க! கதிர்வீச்சை விட கொதிநீர்தான் ஆபத்து

கோவை: சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் அப்பார்ட்மெண்டுகளில் காலை 8 மணி ஆகிவிட்டால் 'டிங்... டிங்...' சத்தம்தான். புருஷன், பொண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்கு ஓடும் வீடுகளில், ராத்திரி வைத்த குழம்பை சூடாக்கி கொடுப்பது மைக்ரோவேவ் அடுப்பு.

ஆனால் ஊரில் இருந்து வரும் மாமியாருக்கு அதை கண்டாலே ஆகாது. "அதுல சூடு பண்ணினா கேன்சர் வருமாமே" என்று தள்ளி நிற்பார். மருமகளோ அதே அடுப்பில் முட்டையை ஓட்டோடு வைத்து பட்டனை அமுக்குவார். ஆபத்து மாமியார் சொல்வதில் இல்லை. மருமகள் செய்வதில்தான் இருக்கிறது.

உருகிய மிட்டாய்

இந்த அடுப்பு ரேடாரில் இருந்து பிறந்தது. 1945-ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடாருக்கான 'மேக்னட்ரான்' குழாய் பக்கத்தில் நின்றிருந்த பெர்சி ஸ்பென்சரின் பாக்கெட்டில் இருந்த மிட்டாய் உருகிப் போனது. அதில் கிடைத்த யோசனைதான் இது என்பார்கள். ஸ்பென்சர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1947-ல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ!

இன்றைக்கும் உள்ளே இருப்பது அதே மேக்னட்ரான்தான். அதில் இருந்து வரும் நுண்ணலை, உணவில் உள்ள தண்ணீரை வேகமாக ஆட்டி சூடாக்குகிறது. இது எக்ஸ்ரே மாதிரியான கதிர் கிடையாது. சுவிட்சை அணைத்தால் பல்பு வெளிச்சம் போவது போல அலையும் போய்விடும். உணவில் எதுவும் தங்காது. கதவில் உள்ள கம்பி வலையின் ஓட்டைகள் பொடியாக இருப்பதால், சுமார் 12 செ.மீ. நீளமுள்ள அலை வெளியே வர முடியாது. கதவு சரியாக மூடவில்லை, கீல் ஆடுகிறது, வலை கிழிந்திருக்கிறது என்றால் மட்டும் அடுப்பை தொடாதீர்கள்.

சத்தம் போடாத கொதிநீர்

பயப்பட வேண்டிய விஷயம் இதுதான். கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்தால் குமிழி வரும், சத்தம் வரும். வழவழப்பான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மைக்ரோவேவில் அதிக நேரம் வைத்தால், 100 டிகிரியை தாண்டியும் சில நேரம் குமிழியே வராது. பார்த்தால் சாதாரண தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் காபித்தூள் போட்டதும், ஏன், டம்ளரை லேசாக அசைத்தாலே குபீர் என்று பொங்கி முகத்திலும் கையிலும் தெறிக்கும். வெந்நீர் வைக்கும் முன்பே டம்ளரில் ஒரு மரக்குச்சியை போட்டு வையுங்கள். அடுப்பு நின்ற பிறகு ஒரு நிமிஷம் பொறுத்து எடுங்கள்.

முட்டையும் இதே கதைதான். உள்ளே நீராவி சேர்ந்து, போக வழியில்லாமல் வெடிக்கும். அடுப்புக்குள் வெடித்தால் துடைப்பதோடு போச்சு. வெளியே எடுத்து கடிக்கும்போது வெடிப்பதும் உண்டு. ஏற்கனவே அவித்த முட்டையை சூடு பண்ணினாலும் இதே ஆபத்துதான். நறுக்கி வைத்தால் பிரச்சினை இல்லை. உருளைக்கிழங்கை முள் கரண்டியால் நாலு குத்து குத்தி வையுங்கள். டப்பா மூடியை இறுக்கி மூடாதீர்கள்.

குழந்தைக்கு பால் சூடு பண்ணும் தாய்மார்கள் முக்கியமாக கவனிக்க வேண்டும். புட்டியை தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு இடத்தில் மட்டும் பால் கொதித்திருக்கும். பச்சைக் குழந்தையின் வாய் வெந்துவிடும். பால் புட்டிக்கு மைக்ரோவேவே வேண்டாம். வெந்நீர் பாத்திரத்தில் புட்டியை வைத்து சூடாக்கி, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு பார்த்து கொடுங்கள்.

நடுவில் ஜில்

அலை உணவுக்குள் 2, 3 செ.மீ. ஆழம்தான் போகும். அதனால்தான் ஓரத்தில் கொதிக்கும் கோழிக்குழம்பு நடுவில் ஜில்லென்று இருக்கிறது. அங்கே கிருமி சாகாது. பாதியில் எடுத்து கிளறி விட்டு, மறுபடி சூடாக்கி, 2 நிமிஷம் மூடி வையுங்கள். எல்லா இடமும் 74 டிகிரி சூடு ஏற வேண்டும். வெளியிலேயே ராத்திரி முழுக்க கிடந்த சோற்றை எந்த அடுப்பும் காப்பாற்றாது. அதில் கிருமி கக்கிய நஞ்சு சூட்டுக்கு அழியாது. சமைத்த 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்த சோறுதான் மறுநாளைக்கு லாயக்கு.

எவர்சில்வர், பித்தளை, தங்கக்கோடு போட்ட கப், அலுமினிய பேப்பரில் சுற்றிய பிரியாணி எல்லாம் பொறி கிளப்பும். ஓட்டல் பார்சலில் இருக்கும் ஸ்டேப்ளர் பின் கூட ஆகாது. சாம்பார் கவர், ஐஸ்கிரீம் டப்பா, மெலமைன் தட்டும் வேண்டாம். சூடு தாங்கும் கண்ணாடி, கோடு போடாத பீங்கான், மைக்ரோவேவ் முத்திரை உள்ள பிளாஸ்டிக் போதும். எண்ணெய் காய வைத்து வடை சுட நினைக்காதீர்கள். அப்பளத்தை எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் பொரிக்கலாம், அது நன்றாகவே வரும்.

உள்ளே தீப்பிடித்தால் பதறிப்போய் கதவை திறக்கக் கூடாது. சுவிட்சை அணையுங்கள். காற்று இல்லாமல் தானே அடங்கும்.

800 வாட் என்று போட்டிருக்கும் அடுப்பு இழுப்பது சுமார் 1,200 வாட். டி.வி.க்கு மாட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிடும். பெரிய பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். ரிப்பேர் என்றால் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். வயரை பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 2 ஆயிரம் வோல்ட் வரை தங்கியிருக்கலாம். அதை இறக்கத் தெரிந்த மெக்கானிக் மட்டும்தான் அதை திறக்க வேண்டும்.