எந்தக் கேட் என்று வரைபடம் சொல்லுமா?

ஒரகடம் வட்டாரத்தில் இயங்கும் உதிரிபாகக் கம்பெனிகளின் இணையதளங்களில் ‘தொடர்புக்கு’ என்ற பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் அடியில் ஒரு சதுரம் இருக்கும். அதற்குள் கூகுள் வரைபடம், நடுவில் ஒரு சிவப்புக் குறி. கம்பெனியின் பெயரை அது சரியாகவே காட்டும். ஆனால் சரக்கோடு வரும் லாரிக்குத் தேவை பெயர் இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை நடுவே தடுப்பு வைத்த சாலை. படப்பையைத் தாண்டி, சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் போகும் கனரக வண்டி திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டால், அடுத்த திருப்பம் வரை போய்விட்டுத்தான் வர வேண்டும். சரக்கு இறக்குவது எந்தக் கேட்டில், ஷிப்ட் பஸ் நுழைவது எந்தக் கேட்டில், எடை மேடை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, நள்ளிரவில் வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது? இதில் ஒன்றுகூட அந்தச் சதுரத்தில் கிடைக்காது. எல்லாம் தெரிந்தவர் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. அவருக்குத் தெரிந்ததை இணையதளத்தில் ஏற்றுவது இன்று கடினமான வேலை இல்லை, பெரிய செலவும் இல்லை. அடிப்படை வரைபடத்தை யாரிடமிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதன்மேல் நாம் போடும் விவரம் மட்டும் நம்முடைய கோப்பில் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இப்போது எல்லோரும் செய்வது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கூகுள் வரைபடத்தில் இடத்தைத் தேடி, பகிர்வதற்கான பட்டனை அழுத்தினால், இணைப்புக்குப் பக்கத்திலேயே உட்பொதிப்பதற்கான ஒரு வரி நிரலும் கிடைக்கும். ‘ஐஃப்ரேம்’ என்று தொடங்கும் அந்த வரி, நம் பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து அதன் வழியே கூகுளின் பக்கத்தைக் காட்டுகிறது. கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது. தானாக வரும் 600 பிக்சல் அகலம் செல்போன் திரைக்கு ஒத்துவராது. அதை 100 சதவீதம் என்று மாற்றிவிட்டால் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். பார்வையாளர் பக்கத்தில் கீழே இறங்கி வரும்வரை வரைபடத்தை ஏற்றாமல் நிறுத்திவைக்கும் ஒரு சொல்லும் அந்த வரியிலேயே இருக்கும். ஒரே வாசல் உள்ள கடைக்கோ கிளினிக்குக்கோ இதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பது நம் வசத்தில் இல்லை. பக்கத்துக் கடைகளின் பெயர்களை மறைக்க முடியாது, இரண்டாவது கேட்டைக் குறிக்க முடியாது, லாரி வர வேண்டிய பாதையைக் கோடாக வரைய முடியாது.

இந்தத் தொழில் தடத்துக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரகடத்தை அடுத்து ஒரு பண்ருட்டி இருக்கிறது. அங்கே தொழில் பூங்காவும் கிடங்குகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பண்ருட்டி என்றால் எவருக்கும் நினைவுக்கு வருவது பலாப்பழம் விளையும் கடலூர் மாவட்டத்து ஊர்தான், தேடுபொறிக்கும் அப்படித்தான். சிப்காட் பூங்கா உள்ள வல்லத்துக்குத் தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு பெயர்ப் பங்காளி. மாத்தூர்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் பொழுது போய்விடும். சேரப்பணஞ்சேரிக்கு இரட்டையர் தொல்லை இல்லையென்றாலும், ஆங்கிலத்தில் அதை ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை. முகவரியை எழுத்தாகக் கொடுத்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது இங்கே ஆபத்தான வழி என்பதற்கு இவை போதும். இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகக் கொடுப்பதே பாதுகாப்பு. அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் இதே தர்க்கத்தில் பிறந்ததுதான். நாட்டைச் சுமார் 4 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு தருகிறது. அந்த அளவில் வளாகத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு கேட்டுக்கும் தனிக் குறியீடு வந்துவிடும்.

ஜன்னல் வேண்டாமென்றால் மாற்று என்ன? இணைய வரைபடம் உண்மையில் இரண்டு அடுக்கு. கீழே இருப்பது 256 பிக்சல் சதுரப் படத்துண்டுகள். பூஜ்ஜியம் என்ற உருப்பெருக்க நிலையில் உலகம் முழுக்க ஒரே துண்டு. ஒரு நிலை உயரும்போதெல்லாம் ஒவ்வொரு துண்டும் நான்காகிறது. 16ஆம் நிலைக்கு வந்தால், சேரப்பணஞ்சேரி இருக்கும் அட்சரேகையில் ஒரு துண்டு ஏறக்குறைய 600 மீட்டரை அடக்குகிறது. ஒரு தொழிற்சாலை வளாகத்தைப் பார்க்கத் தோதான அளவு அது. மேலே இருப்பது நம் அடுக்கு: புள்ளி, கோடு, பரப்பு, அழுத்தினால் திறக்கும் குறிப்பு. இரண்டையும் சேர்த்துத் திரையில் காட்டும் வேலையை லீஃப்லெட் போன்ற நிரல் நூலகங்கள் செய்கின்றன. உக்ரைனைச் சேர்ந்த வோலோடிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட்டின் எடை சுமார் 42 கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்கள்கூட இதைவிடப் பெரியவை.

நம் அடுக்கு ‘ஜியோஜேசன்’ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். ‘கேட் 2, சரக்கு மட்டும், இரவு 10 மணிக்குப் பிறகு அனுமதி இல்லை’ என்பதை அதில் தமிழிலேயே எழுதலாம். ஒரு பொறி மட்டும் உண்டு. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இந்த வட்டாரத்தின் எண்கள் ஏறக்குறைய வடக்கே 12.8, கிழக்கே 80. இடம் மாற்றி எழுதினால் கேட் 2 ஆர்க்டிக் பெருங்கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளின் வடகரையோரம் போய் நிற்கும். இணையத்தில் தொலைந்துபோகும் குறிகளில் கணிசமானவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுக்கைத் தனியாக வைத்திருப்பதன் பலனை இந்த வட்டாரமே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷ் சென்னைக்கென ஒரு வெள்ள வரைபடத்தை இணையத்தில் ஏற்றினார். தெருக்கள், யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வரைந்து வைத்தவை. தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் ஒரு தட்டுத் தட்டிக் குறிக்கலாம். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. அப்போது பெருக்கெடுத்த அடையாறு தொடங்குமிடமாகச் சொல்லப்படும் மலைப்பட்டு ஏரி மணிமங்கலத்துக்குப் பக்கத்தில், அதாவது சேரப்பணஞ்சேரிக்கு அண்டை வட்டாரத்தில் இருக்கிறது. ‘எது மூழ்கியது’ என்ற விவரம் எந்த வரைபடக் கம்பெனியிடமும் அப்போது இல்லை. அது தெருவில் நின்றவர்களிடம் இருந்தது. அதை வாங்கி வைக்க ஒரு தனி அடுக்கும், கீழே அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய தெரு வரைபடமும் இருந்ததால்தான் அவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்தது.

அடிப்படை வரைபடத்தை வாடகை வீடாகவே கருத வேண்டும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2018 ஜூலைக்கு முன், கூகுள் வரைபடத்தை நிரல் வழியாக ஒரு நாளைக்கு 25,000 முறை இலவசமாக ஏற்ற முடிந்தது. அந்த மாதம் முதல் கூகுள் தரும் ‘ஏபிஐ கீ’ என்ற சாவியும் கடன் அட்டையோடு கூடிய கணக்கும் கட்டாயமாயின. இலவசம் மாதத்துக்கு 200 டாலர் அளவுக்கு, அதாவது சுமார் 28,000 ஏற்றங்களுக்குச் சுருங்கியது. கணக்குத் தொடங்காத தளங்களில் வரைபடம் இருண்டு, குறுக்கே எச்சரிக்கை வாசகம் விழுந்தது. மேப்பாக்ஸ் தன் வரைபட நூலகத்தின் திறந்த உரிமத்தை 2020 டிசம்பரில் விலக்கிக்கொண்டது. பழைய நிரலிலிருந்து கிளைத்ததுதான் மேப்லிப்ரே. வாடகை குறைந்த கதையும் உண்டு. 2024 ஜூலையில் ஓலா, வரைபடத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவாகிறது என்று சொல்லி கூகுளை விட்டு வெளியேறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் கூகுள் இந்தியாவுக்கான கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைத்தது. ஏறினாலும் இறங்கினாலும் முடிவு நம்முடையதில்லை. தன் புள்ளிகளைத் தனிக் கோப்பில் வைத்திருப்பவர் ஒரு வரியை மாற்றி வேறு வரைபடத்துக்குக் குடிபெயரலாம்.

‘டிரைவர் எப்படியும் வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் கேட்டுத்தான் வருகிறார், இணையதளத்தை யார் பார்க்கிறார்கள்?’ என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. ஆனால் அந்த லொக்கேஷனை அனுப்புபவர் பல நேரம் அலுவலக மாடியில் உட்கார்ந்திருக்கிறார். குறி அவர் மேசைமேல் விழுகிறது, கேட்டில் விழுவதில்லை. இணையதள வரைபடத்தில் ஒவ்வொரு கேட்டுக்கும் ‘வழி காட்டு’ என்று ஒரு பட்டன் வைத்து, அந்தக் கேட்டின் எண்களைக் கூகுள் வரைபடச் செயலிக்கே அனுப்பிவிடலாம். அந்த இணைப்புக்குச் சாவியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அதையே டிரைவருக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

கிராமப் பகுதிகளில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தேறாது என்பது கனமான ஆட்சேபம். உண்மைதான்: சிப்காட் உள்சாலைகள் போலப் புதிதாகப் போடப்படும் சாலைகளை அது பிடிக்கத் தாமதமாகலாம். ஆனால் அங்கே விட்டுப்போன சாலையை நாமே வரையலாம், ஊர்ப் பெயரைத் தமிழில் சேர்க்கலாம். சேர்த்தது எல்லோருக்கும் பயன்படும். அதற்குப் பொறுமை இல்லாதவர் கூகுளையே கீழடுக்காக வைத்துக்கொள்ளட்டும். மேலடுக்கு தன்னுடையதாக இருந்தால் சரி. அப்படி வைத்தால், சாவி நம் தளத்தில் மட்டுமே செல்லும்படி கட்டுப்பாடு போட வேண்டும். திறந்து கிடக்கும் சாவியை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பில் நம் பெயருக்கு வரும். மொழியைத் தமிழ் என்று குறித்தால் பெயர்கள் தமிழில் வரும். செல்போனில் பக்கத்தை நகர்த்தப் போனால் வரைபடம் நகரும் எரிச்சலையும், இரண்டு விரலுக்கு மட்டும் அசையும்படி அமைத்துத் தவிர்க்கலாம்.

இதையெல்லாம் செய்ய ஆள் இல்லாத சிறு பட்டறைக்கு யூமேப் என்ற இணையக் கருவி போதும். நிரல் எழுதாமல் புள்ளி வைத்து, கோடு வரைந்து, உட்பொதிக்கலாம்; விவரங்களைக் கோப்பாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் பற்றிய தயக்கமும் இருக்கிறது. இந்திய வரைபடத்தை, சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வடிவத்துக்கு மாறாக வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுத் துண்டுகளில் எல்லைகள் களநிலைப்படி வரையப்படுவதால், நாடு முழுவதும் தெரியும் அளவுக்குச் சுருக்கினால் சிக்கல் வரலாம். அதற்காக வரைபடத்தையே கைவிட வேண்டியதில்லை. குறைந்தபட்ச உருப்பெருக்கத்தை 10 என்று பூட்டி, படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் அடங்கிய எல்லைக்கு வெளியே நகர முடியாமல் கட்டிவிட்டால் போதும்; சேரப்பணஞ்சேரிக்கு வழி தேடுபவருக்குக் காஷ்மீர் எல்லை தேவைப்படாது. மூலையில் சிறிய எழுத்தில் வரும் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற வரியை மட்டும் அழகு கருதி நீக்கிவிடக் கூடாது. உரிமம் கேட்கும் முக்கியமான பிரதிபலன் அது.